லண்டனில் அலாட்மென்ட் தோட்டம்: நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் ஓர் அலாட்மென்ட் தோட்டத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். இது தெரிந்த நாள் முதல் கோயில் வாசலில், கல்யாண மண்டபத்தில், மீன்கடை வரிசையில் ஒரே சந்தேகங்கள் என்னைத் தேடி வருகின்றன. எழுதி வைத்துவிட்டால் இனி இதை நீட்டிவிட்டு நான் பந்திக்குப் போகலாம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு, ஸ்காட்லாந்தில் வேறு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனி விதிகள் உண்டு என்பதால் உங்கள் குத்தகை ஒப்பந்தத்தை ஒரு தடவையாவது முழுதாகப் படியுங்கள்.

அலாட்மென்ட் என்றால் என்ன? கவுன்சில் சும்மா நிலம் கொடுக்கிறதா?

சும்மா இல்லை, குத்தகைக்கு. ஊருக்கு நடுவே ஒரு பெரிய நிலம். அதைத் துண்டுகளாகப் பிரித்து, வீட்டுத் தேவைக்குக் காய்கறியும் பழமும் பயிரிடுவதற்காகக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கிறார்கள். நிலம் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலுடையது. சில இடங்களில் தேவாலயத்துக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமாக இருக்கும்.

பொது மேய்ச்சல் நிலங்களை வேலி போட்டுத் தனியார் எடுத்துக்கொண்டபோது நிலமற்றுப் போன கூலிக்காரர்களுக்குக் கிடைத்த சிறு ஈடு இது. 1887-இல் ஒரு சட்டம் வந்தது. இன்றைக்கும் ஆதாரமாக இருப்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டாம் உலகப் போரில் உணவுக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, வெறும் நிலமெல்லாம் கிழங்குப் பாத்தி ஆயிற்று. லண்டன் கோபுரத்தின் அகழியில்கூடக் காய்கறி போட்டார்கள். அப்போது நாடு முழுவதும் சுமார் 14 இலட்சம் துண்டுகள் இருந்தன. இப்போது 3 இலட்சத்தை ஒட்டி இருக்கின்றன. மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். அவற்றில் ஒன்றின் மேல் உங்கள் வீடே நிற்கலாம்.

ஒரு துண்டு எவ்வளவு பெரியது? நம் கணக்கில் சொல்லுங்கள்.

பழைய முழு அளவு 10 ராட். ராட், போல், பேர்ச் மூன்றும் ஒரே அளவுதான். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: 10 பேர்ச் என்றால் ஒரு பரப்பு. முழுத் துண்டு எடுத்தவர் லண்டனில் ஒரு பரப்புக் காணி செய்கிறார். இரண்டு ஊரையும் அளந்த சங்கிலி ஒன்று. சென்னைக்காரர்களுக்கு 2,722 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டைவிடச் சற்று அதிகம். மீட்டர் கணக்கில் சுமார் 253 சதுர மீட்டர்.

இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் அரைத் துண்டுதான் தருகிறார்கள். சிலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். வேலைக்குப் போகிற, சிறு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு அரைத் துண்டே அதிகம் என்பது என் கருத்து. முழுத் துண்டு வாங்கி முதல் கோடையிலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எப்படி விண்ணப்பிப்பது? வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே?

உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் படிவம் இருக்கும். சில தோட்டங்களைச் சங்கமே நடத்தும். அங்கே செயலாளருக்கு எழுத வேண்டும். நீங்கள் வசிக்கும் கவுன்சில் எல்லைக்குள் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் முன்னுரிமை. காத்திருப்பு உண்மைதான். இங்கிலாந்து முழுவதும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வரிசையில் நிற்கிறார்கள், லண்டனில் நெருக்கடி இன்னும் அதிகம்.

இரண்டு யோசனை. கவுன்சில் அனுமதித்தால் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டங்களில் பெயர் கொடுங்கள். பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளிப் போனால் வரிசை பாதியாக இருக்கலாம். அடுத்து, ஏற்கெனவே துண்டு வைத்திருக்கும் வயதானவர் ஒருவருக்கு உதவிக்குப் போங்கள். வரிசையை அது குறைக்காது. ஆனால் முறை வரும்போது இந்த ஊர் மண் உங்களுக்குக் கை வந்திருக்கும். வரிசை நீளம் என்பதற்காகப் பெயர் கொடுக்காமல் மட்டும் இருக்காதீர்கள். அதற்குக் காரணம் கடைசிக் கேள்வியில் வருகிறது.

கவுன்சில் "எங்களிடம் நிலமே இல்லை" என்று சொன்னால் அத்துடன் முடிந்ததா?

முடியவில்லை. 1908 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, வாக்காளர் பட்டியலில் உள்ள அல்லது கவுன்சில் வரி கட்டும் ஆறு பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டால், கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். தேவை இருக்கிறது என்று தெரிந்தால் போதிய துண்டுகளை ஏற்படுத்துவது அதன் கடமை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லையே என்று தயங்க வேண்டாம். இங்கே வசிக்க அனுமதி பெற்ற இலங்கை, இந்தியக் குடிமக்களும் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் வாக்காளர் பட்டியலில் சேரலாம்.

ஒரு பெரிய விலக்கு உண்டு. லண்டனின் உள்வட்டக் கவுன்சில்களுக்கு இந்தக் கடமை இல்லை. 1963-ஆம் ஆண்டு லண்டன் ஆட்சிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. டூட்டிங், லூயிஷாம் பக்கம் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம், வற்புறுத்த முடியாது. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ, வெம்பிளி, மிட்சம், குரோய்டன் எல்லாம் வெளிவட்டம். அங்கே சட்டம் உங்கள் பக்கம். கடமை இருப்பதால் நாளைக்கே நிலம் முளைத்துவிடாது என்பதும் உண்மை.

செலவு எவ்வளவு ஆகும்?

வாடகை இடத்துக்கு இடம் மிகவும் மாறுகிறது. ஆண்டுக்கு ஐம்பது பவுண்டுக்கும் உண்டு, இருநூறை நெருங்குவதும் உண்டு. தண்ணீர் அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஓய்வூதியக்காரர்களுக்குப் பல இடங்களில் சலுகை உண்டு. வாடகையைவிட முதல் ஆண்டில் வாங்கும் பொருட்கள்தான் பையைக் காலி செய்யும். ஒரு நல்ல முள்வாரி, ஒரு மண்வெட்டி, கையுறை, நீர்வாளி போதும். பசுமைக்குடில் இரண்டாம் ஆண்டுக் கதை. கீரைக்கட்டு விலையோடு கணக்குப் பார்த்து இறங்குபவர்களுக்கு இது சரிப்படாது.

சாவி வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் இடுப்பளவு முள். எங்கே தொடங்குவது?

முழுவதையும் ஒரே மூச்சில் கொத்த நினைக்காதீர்கள். துண்டை நான்காகப் பிரியுங்கள். மூன்று பங்கை அட்டைப் பெட்டியாலோ வெளிச்சம் புகாத கறுப்புத் துணியாலோ மூடி, காற்றில் பறக்காதபடி பாரம் வைத்துவிடுங்கள். ஒரு பங்கைச் சுத்தம் செய்து உடனே ஏதாவது நடுங்கள். மார்ச் கடைசியில் உருளைக்கிழங்கு, ஏப்ரலில் வெங்காயம், அக்டோபரில் சாவி கிடைத்தால் உள்ளி (பூண்டு). பாத்தியில் பச்சை தெரிந்தால் கவுன்சில் ஆய்வாளர் ஓரளவு பொறுமை காட்டுவார்.

பழைய கம்பளத்தால் மூடாதீர்கள். சாயமும் செயற்கை நூலும் மண்ணில் கலக்கும் என்று பெரும்பாலான தோட்டங்களில் தடை செய்திருக்கிறார்கள். கார் டயருக்கும் அப்படியே. பழைய கொட்டகையில் நெளிநெளியான சாம்பல் நிறத் தகடு இருந்தால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள், கவுன்சிலுக்குச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் காய்கறிகளில் எவை உண்மையில் வரும்? முருங்கை வைக்கலாமா?

முருங்கை வேண்டாம். ஒரு குளிர்காலம் தாங்காது. கறிவேப்பிலையும் வெளி நிலத்தில் நிற்காது. தொட்டியில் வைத்து, கோடையில் வெளியே, அக்டோபருக்கு முன் வீட்டுக்குள் என்று பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தால் பிழைக்கும். வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் தொட்டியே நல்லது.

அள்ளித் தருபவை: கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பூசணி, உள்ளி, உருளைக்கிழங்கு, பீட்ரூட். தண்டுக்கீரை விதையை மே பிற்பகுதியில், மண் சூடான பிறகு தூவுங்கள். ஏப்ரலில் தூவினால் விதை அழுகும். கொத்தமல்லிக்கு நேர்மாறு. கோடை வெயில் பட்டதும் பூத்துவிடும் என்பதால் ஆகஸ்ட் கடைசியில் விதைத்தால் குளிர் வரும்வரை பறிக்கலாம். மிளகாயைப் பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் ஜன்னலோரம் முளைக்க வைத்து, ஜூனில் வெளியே கொண்டு போங்கள். லண்டனில் உறைபனி மே நடுப்பகுதிவரைகூட வரும். ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்ததைப் பார்த்து நாற்றை நட்டுவிட்டு மறு வாரம் அழுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

கத்தரி, வெண்டி, பாகல், புடல் நான்கும் பசுமைக்குடில் இருந்தால் வரும், வெளியே சூதாட்டம். பயற்றங்காய்க்கும் இந்த வெப்பம் போதாது. அதற்குப் பதிலாக இங்கிலாந்துக்காரர்களின் ரன்னர் பீன்ஸைப் போடுங்கள். நாரை உரித்து, மெல்லியதாக வெட்டித் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் வித்தியாசம் கேட்கிறவர்கள் குறைவு. தக்காளிக்கு ஜூலை முதல் கருகல் நோய் காத்திருக்கும். மழை நனைக்காத இடத்தில் வைத்தால் ஓரளவு தப்பும். வாழை ஆசைப்படுபவர்களுக்கு: குளிர் தாங்கும் ஜப்பான் வாழை உண்டு. இலை வரும், காய் உண்ண உதவாது, பல குழுக்கள் அதை அலங்காரச் செடியாகக் கணக்கு வைக்கின்றன.

சுரை கொடி பந்தல் நிறைய ஓடுகிறது, பூக்கிறது, பிஞ்சு மட்டும் கருகி விழுகிறது. ஏன்?

சுரைப்பூ மாலையில் மலர்வது. ஊரில் அந்திப்பூச்சிகள் வேலையைச் செய்துவிடும். இங்கே குளிர்ந்த மாலைகளில் அவை போதிய அளவு வருவதில்லை. பகலில் சுற்றும் தேனீ வருவதற்குள் பூ வாடிவிடும். இருட்டும் நேரத்தில் நீங்களே போய், மெல்லிய காம்புள்ள ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவில் தடவிவிடுங்கள். புடலுக்கும் இதே வைத்தியம். நாற்றைப் பெரிதாக வளர்த்து ஜூன் தொடக்கத்தில் நட்டவர்களுக்குத்தான் காய் முற்ற நாள் இருக்கும்.

கிழக்கு லண்டன் தோட்டங்களில் சுரைக்குப் பந்தல் போடுவதில் வங்காளிகளை மிஞ்ச ஆள் இல்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தால் என்னைவிட அவரிடம் கேட்பது மேல்.

குதிரை எரு இலவசமாகக் கிடைக்கிறது. வண்டியோடு இறக்கிவிடலாமா?

ஒரு கேள்வி கேட்டுவிட்டு இறக்குங்கள்: குதிரை தின்ற புல்லுக்கு அமினோபைரலிட் உள்ள களைக்கொல்லி அடித்தார்களா? அது குதிரையின் வயிற்றில் சிதையாது, சாணத்தோடு வெளியே வரும். அந்த எருவைப் போட்ட பாத்தியில் தக்காளி, பீன்ஸ், உருளைக்கிழங்கு இலைகள் கோப்பை போலச் சுருண்டு போகும். 2008-இல் நாடு முழுவதும் தோட்டக்காரர்கள் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

லாயத்துக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம், வைக்கோல் வேறு எங்கிருந்தோ வந்திருக்கும். ஆகவே ஒரு தொட்டியில் அந்த எருவையும் மண்ணையும் கலந்து அவரை விதை போடுங்கள், இன்னொன்றில் எரு இல்லாமல் போடுங்கள். சில வாரங்களில் இலை பதில் சொல்லும்.

பழைய நகர மண். ஈயம் இருக்கும் என்கிறார்களே, கீரை சாப்பிடலாமா?

லண்டன் மண்ணில் பழைய வண்ணப்பூச்சு, கரி, ஈயம் கலந்த பெட்ரோல் புகை எல்லாவற்றின் மிச்சமும் உண்டு. கொத்தும்போது நீலப்பூப் போட்ட பீங்கான் துண்டும் களிமண் சுங்கான் குழலும் வந்தால் வியக்காதீர்கள். ஈயத்தைப் பொறுத்தவரை, செடி வேர் வழியாக உறிஞ்சுவதைவிடக் கையிலும் இலையிலும் ஒட்டிய மண் வாய்க்குள் போவதுதான் பெரிய வழி. கீரையை நான்கு தண்ணீரில் அலசுவது நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ள பழக்கம். கிழங்குகளைத் தோல் சீவுங்கள், சின்னப் பிள்ளைகள் மண் தின்னாமல் பாருங்கள். மட்கிய எரு சேர்க்கச் சேர்க்கவும், மண் புளிப்பில்லாமல் இருக்கும்போதும் ஈயம் செடிக்குள் ஏறுவது குறையும். உங்கள் நிலத்தில் முன்பு தொழிற்சாலையோ குப்பைமேடோ இருந்ததாகத் தெரிந்தால் மண் பரிசோதனை அறிக்கையைக் கவுன்சிலிடம் கேளுங்கள்.

ஊருக்குப் போய் வரும்போது விதையும் கொஞ்சம் பூச்சிமருந்தும் கொண்டுவரலாமா?

விதைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். சூட்கேஸில் சேலைக்கு நடுவே சுருட்டி வருவது சட்டப்படி சரியில்லை, நோயும் கூடவே வரும். நம் காய்கறி விதைகள் இங்கேயே கடைகளில் கிடைக்கின்றன.

மருந்துக்குப் பதில் இன்னும் கடுமையானது: இந்த நாட்டில் அனுமதி பெறாத எதையும் பூச்சிக்கொல்லியாகத் தெளிக்கக் கூடாது. வேப்பெண்ணெய்கூட இங்கே வீட்டுத் தோட்டப் பூச்சிமருந்தாக அனுமதிக்கப்படவில்லை என்றால் மாமிமார் நம்ப மறுக்கிறார்கள்.

கோழி வளர்க்கலாமா? ஊர்க்கோழி முட்டை ஆசையாக இருக்கிறது.

1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பெட்டைக் கோழியும் முயலும் வளர்க்கும் உரிமையைத் தருகிறது. குத்தகையில் என்ன எழுதியிருந்தாலும் இது செல்லும். மூன்று நிபந்தனை: வியாபாரத்துக்காக இருக்கக் கூடாது, சுகாதாரக் கேடோ அயலாருக்குத் தொல்லையோ ஆகக் கூடாது, சேவல் கூடாது. ஆடு, வாத்து, தேனீக்கு இந்த உரிமை இல்லை, தனி அனுமதி கேட்க வேண்டும்.

2024 அக்டோபர் முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்வது கட்டாயம். நம்மவர்கள் அறியாத இன்னொரு விதி: வீட்டுச் சமையலறையில் மிஞ்சியதைக் கோழிக்குப் போடுவது குற்றம். பழஞ்சோறு மட்டுமல்ல, சமையலறைக்குள் போய் வந்த கீரைத்தண்டும் அதில் அடங்கும். பாத்தியிலிருந்து நேரே பறித்துப் போடலாம். தினமும் காலையும் மாலையும் போய்க் கூட்டைத் திறந்து மூட முடியாதவர்களுக்குக் கோழி வேண்டாம்; நரி ஒரு நாள் தவறாமல் வரும்.

காய் மிஞ்சிவிட்டது. தமிழ்க் கடைக்கு விற்கலாமா?

1922-ஆம் ஆண்டுச் சட்டப்படி அலாட்மென்ட் துண்டு முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ சொந்தக் குடும்பத்தின் உணவுக்காகப் பயிரிடப்பட வேண்டும். எதிர்பாராமல் மிஞ்சியதைச் சிறிது விற்பது சங்கங்கள் வழக்கமாகக் கண்டுகொள்ளாத விஷயம். விற்பதற்கென்றே பயிரிடுவது வியாபாரம். துண்டு முழுவதும் கீரை ஒன்றையே போட்டு வாராவாரம் வேனில் ஏற்றினால் கடிதம் வரும். கோயில் அன்னதானத்துக்கும் உணவு வங்கிக்கும் கொடுப்பதை யாரும் கேட்க மாட்டார்கள்.

தோட்டம் எங்களுடையது. சுற்றிலும் இருக்கும் வீட்டுக்காரர்கள் ஏன் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறார்கள்?

இந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பக்கமும் தொடர்வீடுகளின் பின்சுவர், மூன்றாவது பக்கம் ரயில் பாதை, நான்காவதில் கதவும் தெருவும். ஏறக்குறைய எல்லாப் படுக்கையறை ஜன்னல்களும் நம் பாத்தியைப் பார்த்தே திறக்கின்றன. நாம் வாரத்துக்கு இரண்டு நாள் போகிறோம், அவர்கள் எந்நேரமும் அங்கே இருக்கிறார்கள். இரவில் கொட்டகைப் பூட்டை உடைக்கிற சத்தம் முதலில் கேட்பது அவர்களுக்குத்தான். அவர்களில் பலர் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும்கூட. பாழாய்க் கிடக்கும் துண்டைப் பார்த்து வயிறெரிய அவர்களுக்கு நியாயம் உண்டு.

நிலத்துக்கு ஆபத்து வரும் நாளில் கையெழுத்துப் போட வேண்டியவர்களும் அவர்களே. தோட்டத்தை நம் தனிக் காணியாக நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட சங்கங்களுக்கு அந்த நாளில் தெருவிலிருந்து ஆள் வருவதில்லை. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வைத்து, அயலாருக்குத் தேநீரும் இரண்டு பூசணித் துண்டும் கொடுப்பதைச் செலவு என்று எங்கள் குழுவில் ஒருவர் இன்னமும் வாதாடுகிறார். வாக்கெடுப்பில் ஆண்டுதோறும் தோற்கிறார்.

நான் தோட்டத்துக்குப் பின்வீட்டில் இருக்கிறேன். துணி காயப்போட முடியாமல் புகை வருகிறது. யாரிடம் சொல்வது?

முதலில் தோட்டச் செயலாளரிடம். பெயர் கதவில் ஒட்டியிருக்கும். தோட்டக் குப்பை எரிப்பதைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டம் இல்லை. ஆனால் புகை அடிக்கடி வந்து தொல்லை ஆனால் 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். பல தோட்டங்களில் கோடையில் தீ மூட்டவே தடை, சிலவற்றில் ஆண்டு முழுவதும் தடை. நாள், நேரம் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் வேகமாக நடக்கும்.

தோட்டக்காரர்களுக்கு: பச்சைக் குப்பையை எரிப்பதில் புகையைத் தவிர லாபம் இல்லை. மட்க விடுங்கள்.

என் பழமரக் கிளை பக்கத்து வீட்டுக்குள் போகிறது. அவர் வெட்டிப் பழத்தையும் எடுத்துக்கொண்டார். நியாயமா?

எல்லைக்கு மேலே நீண்ட கிளையை எல்லைவரை வெட்ட அவருக்கு உரிமை உண்டு. கிளையும் பழமும் சட்டப்படி மரத்துக்காரருடையவை. நான்கு ஆப்பிளுக்காக அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பழமரம் வைப்பதற்கு அனுமதி தேவையா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள், குட்டை வேர்க்கட்டையில் ஒட்டிய கன்றாக வாங்குங்கள், எல்லையிலிருந்து தள்ளி நடுங்கள்.

பின்வீட்டுக்காரர் வேலியில் கதவு வைத்துத் தோட்டத்துக்குள் வந்து போகிறார். வேலியும் கொஞ்சம் நகர்ந்தது போலிருக்கிறது.

நீங்கள் நேரே போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். நிலம் கவுன்சிலுடையது, எல்லையும் அவர்கள் பொறுப்பு. தேதியோடு படம் எடுத்து, பழைய வரைபடத்தைச் செயலாளரிடம் கேட்டு வாங்கி, எழுத்தில் தெரிவியுங்கள். தாமதிக்காதீர்கள். பல ஆண்டுகள் யாரும் கேட்காமல் விட்ட நிலத்துக்கு உரிமை கோர சட்டத்தில் வழி இருக்கிறது, ஒவ்வோர் அடியாகக் காணி போவது ஊரில் நாம் பார்க்காத கதை அல்ல.

எலி வருகிறது, உங்கள் ஆட்கள்தான் காரணம் என்று கூட்டத்தில் சொன்னார்கள். கோபமாக வந்தது.

கோபம் நியாயம். எலிக்கு இனம் தெரியாது. பறவைக்குப் போட்ட தானியம், கோழித் தீவனம், கொட்டகைக்கு அடியில் கிடக்கும் பழைய மரம் எல்லாமே அதற்கு விருந்து. அதே நேரம் எருக்கிடங்கில் சோறு, மீன் முள், எண்ணெய்ப் பண்டம் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பச்சைக் காய்த்தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு மட்டும் போதும். கிடங்கின் அடியில் சிறு கண்ணி உள்ள கம்பி வலை போட்டு, அடிக்கடி கிளறி, ஈரமாக வைத்திருங்கள்.

பக்கத்துத் துண்டில் ஒரு வயதான ஆங்கிலேயர். தலையை ஆட்டுவார், பேசமாட்டார். நம்மைப் பிடிக்கவில்லையோ?

அவருடைய லீக்ஸ் எப்படி இவ்வளவு பருத்தது என்று கேளுங்கள். அதன் பிறகு அவரை நிறுத்துவதுதான் உங்கள் பிரச்சினையாக இருக்கும்.

மூன்று மாதம் ஊருக்குப் போகிறோம். திரும்பி வந்தால் எச்சரிக்கைக் கடிதம். என்ன செய்வது?

போவதற்கு முன் ஒரு வரி எழுதிப் போங்கள். பயணம், அறுவை சிகிச்சை, பிரசவம் எதுவானாலும் செயலாளருக்குத் தெரிந்தால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். தெரியாமல் களை வளர்ந்தால் அது கைவிடப்பட்ட துண்டு. பயணத்தைத் தள்ள முடியாதென்றால், முன்பு சொன்னதுபோலப் பாத்தியை மூடிவிட்டுப் போங்கள். உறவினரை வந்து தண்ணீர் ஊற்றச் சொல்லலாம். துண்டையே அவருக்கு வாடகைக்குக் கொடுப்பது உள்குத்தகை, ஒப்பந்தம் முறியும்.

கடிதம் வந்துவிட்டால் உடனே பதில் எழுதுங்கள். விதி மீறினாலோ வாடகை நாற்பது நாளுக்கு மேல் பாக்கி இருந்தாலோ ஒரு மாத அறிவிப்பில் வெளியேற்ற முடியும்.

அப்பா காலமாகிவிட்டார். அவர் இருபது வருடமாகச் செய்த துண்டு எனக்கு வரும்தானே?

தானாக வராது. குத்தகை அவர் பெயரில் இருந்தது, அவரோடு முடிந்தது. அடுத்து அது வரிசையில் காத்திருப்பவருக்குப் போகும். கூடவே வேலை செய்தவர் என்று ஒருவரை முன்பே பதிவு செய்திருந்தால், சில சங்கங்கள் அவருக்கு மாற்றிக் கொடுக்கும். ஆகவே அப்பாவோ அம்மாவோ நலமாக இருக்கும்போதே செயலாளரிடம் இரண்டாவது பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். கொட்டகை, கருவி, நிற்கும் பயிர் ஆகியவை குடும்பத்துடையவை. எடுத்துக்கொள்ள எந்தச் சங்கமும் அவகாசம் தரும். அப்பா வைத்த கறுப்புத் திராட்சைக் கொடியிலிருந்து குச்சி வெட்டிப் போகலாமா என்று ஒரு மகள் கேட்டார். குளிர்காலத்தில் வெட்டினால் நன்றாக வேர் விடும்.

இவ்வளவு உழைத்த பிறகு கவுன்சில் நிலத்தைக் கட்டடத்துக்கு விற்றுவிட்டால்?

முதலில் உங்கள் தோட்டம் எந்த வகை என்று கேளுங்கள். அலாட்மென்டுக்கென்றே வாங்கிய அல்லது ஒதுக்கிய நிலமாக இருந்தால், 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ முடியாது. வேறு தேவைக்காக வைத்திருந்து இடைக்காலத்துக்குக் கொடுத்த நிலமாக இருந்தால் அந்தக் காப்பு இல்லை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வாடகைச் சீட்டில் எழுதியிருக்காது. எழுத்தில் கேட்டால் கவுன்சில் பதில் தர வேண்டும். எந்த வகையானாலும், விதி மீறாதவரைச் சாதாரணமாகப் பன்னிரண்டு மாத அறிவிப்பு தேவை. அதுவும் விளைச்சல் காலத்துக்கு நடுவில் முடியக் கூடாது: ஏப்ரல் 6-க்கு முன்போ அன்றோ, அல்லது செப்டம்பர் 29 அன்றோ அதற்குப் பின்போ முடிய வேண்டும்.

காப்பு இருந்தும் நிலம் போனதுண்டு. வாட்ஃபோர்டில் பார்ம் டெரஸ் தோட்டக்காரர்கள் மருத்துவமனையை ஒட்டிய மறுமேம்பாட்டுத் திட்டத்தை எதிர்த்து ஆண்டுக் கணக்கில் வழக்காடி, 2016-இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். கிழக்கு லண்டனில் மேனர் கார்டன் தோட்டம் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக 2007-இல் காலி செய்யப்பட்டது. அங்கிருந்தவர்கள் லேட்டனில் வேறு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

ஒப்புதல் கேட்கும் கவுன்சில் மாற்று இடம் தருகிறதா, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதையும் அமைச்சகம் பார்க்கிறது. நிலம் கிடைக்காது என்று தெரிந்தும் வரிசையில் பெயர் கொடுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்: பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் "தேவை இல்லை" என்ற வாதத்துக்கு எதிரான சாட்சி. வெறுமையாகக் கிடக்கும் ஒவ்வொரு துண்டும் எதிர்த்தரப்புக்குச் சாட்சி. ஆகவே பக்கத்துத் துண்டு ஒரு பருவத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், அதிலிருந்து பிளாக்பெர்ரி பறித்துக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். செயலாளரிடம் சொல்லி, பட்டியலில் அடுத்தவரை அழைக்க வையுங்கள்.